கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க தம்பி

வெள்ளைச்சாமி: ...கீழ வீட்டுக்காரன்னு ஒருத்தன் குடியிருக்கேனா இல்லையா தம்பி?

ரகுநாத்: வாங்கய்யா. இப்புடி மூச்சு வாங்குது... மொதல்ல உக்காருங்க.

வெள்ளைச்சாமி: உக்கார வரல. பாட்டக் கொறைங்கன்னு சொல்ல வந்தேன். ஒரு பாட்டு காதுலயே விழ மாட்டேங்குது, அடுத்தது வந்து மண்டையில அடிக்குது. வாடகைக்கு விட்டது வீட்ட, கொட்டகைய இல்ல.

ரகுநாத்: அந்தப் பிரச்சினைய இன்னைக்கு முடிச்சுட்டேன்யா.

வெள்ளைச்சாமி: முடிச்சுட்டீங்களா... என்னத்த?

ரகுநாத்: லேப்டாப்புல இருக்குற எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டாந்துட்டேன். அதுக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு சத்தம்னு அதே அளந்துக்கிரும். கம்மியா இருக்குறத ஏத்தும், கத்துறத எறக்கும்.

வெள்ளைச்சாமி: பாட்டு கெட்டுப் போயிராது?

ரகுநாத்: பாட்டு பாட்டாத்தான் இருக்கும். சத்தம் மட்டும் சமமாகும்.

வெள்ளைச்சாமி: மொதல்ல ஏன் அப்புடி ஏத்த எறக்கமாக் கெடந்துச்சு?

ரகுநாத்: பழசெல்லாம் நான் கேசட்டுலேர்ந்து ஏத்துனது, முனகும். புதுசெல்லாம் சரண்யா ஏத்துனது. முனகுறதுக்காகச் சத்தத்தக் கூட்டி வச்சுட்டு அடுப்படிக்குப் போவேன். அதுக்குள்ள அவ பாட்டு வந்து கூரையப் பிச்சுரும்.

வெள்ளைச்சாமி: ஒங்க வீட்டம்மா பேசுச்சா? இன்னும் சேலத்துலதான் அம்மா வீட்டுல இருக்கா?

ரகுநாத்: அங்கதான். அவ பேசலய்யா. அவ வக்கீல்தான் பேசுனாரு.

வெள்ளைச்சாமி: ம்... அது ஏத்துனத மொத்தமா அழிச்சிருந்தா ஒங்களுக்கு வேலையும் மிச்சம்ல?

ரகுநாத்: மனசு வரல. ஒண்ணா இருந்தப்ப ஒரு நாளும் ஒத்துப் போகல... இப்பத்தான்யா எங்க ரெண்டு பேரு பாட்டும் ஒரே அளவுல வருது. கேக்கக் கேக்க அழுகையா வருது.

வெள்ளைச்சாமி: அட, விடுங்க தம்பி... விடுங்க.

ரகுநாத்: நீங்களும் இனிமே இந்த முட்டிய வச்சுக்கிட்டுப் படி ஏற வேண்டாம்.

வெள்ளைச்சாமி: ஏன், முட்டிக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு.

ரகுநாத்: நேத்து வலிக்குதுன்னீங்களே?

வெள்ளைச்சாமி: நேத்து வலிச்சுச்சு! ...எல்லாத்தையுமா பண்ணிட்டீங்க? ஒண்ணு ரெண்டு விட்டுப் போயிருக்கும், நல்லாப் பாருங்க.

ரகுநாத்: ஒண்ணு விடல.

வெள்ளைச்சாமி: தைப்பூசத்துக்கு மலையில செல்லுல புடிச்சீங்களே ஒரு நாயனம்? அதப் போட்டா விராலிமலை மயிலெல்லாம் பதிலுக்குக் கத்துமே, அது?

ரகுநாத்: அதுவும் அடங்கிருச்சு.

வெள்ளைச்சாமி: அட கொடுமையே...

ரகுநாத்: என்னய்யா, சந்தோசப்படுவீங்கன்னு பாத்தா மொகம் இப்புடிப் போகுது?

வெள்ளைச்சாமி: எம் மொகமே அப்புடித்தான். சரி... அப்ப நான் வாரேன்.

ரகுநாத்: இருங்க. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. இப்பக் கீழ என்ன பாட்டு கேட்டுச்சு?

வெள்ளைச்சாமி: அதான்... அந்த மேளம். டும்முடும்முன்னு. ஒரு பொம்பளப் புள்ள பாடுமே...

ரகுநாத்: ஐயா...

வெள்ளைச்சாமி: ஆம்பளயா?

ரகுநாத்: ஸ்பீக்கர் சனிக்கெழமையே எரிஞ்சு போச்சு. அன்னைலேர்ந்து ஹெட்செட்டுலதான் கேக்குறேன். ஒங்களுக்கு எதுவுமே கேட்டிருக்காது.

வெள்ளைச்சாமி: சரி... உக்காந்துக்குறேன்.

ரகுநாத்: டீ போடவா? சக்கரை இல்லாம?

வெள்ளைச்சாமி: தம்பி... கீழ இங்கிட்டுத் திரும்புனா செவரு, அங்கிட்டுத் திரும்புனா போய்ச் சேந்த எம் பொண்டாட்டி போட்டோ. பய வெள்ளிக்கெழமைதான் குவைத்துலேர்ந்து கூப்புடுவான், அதுவும் சாப்பிட்டீங்களாப்பா, மாத்திர போட்டீங்களாப்பா, அவ்வளவுதான். பொழுது சாஞ்சா யாருகிட்டயாவது நாலு வார்த்த பேசணும்னு நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது.

ரகுநாத்: அதுக்குச் சும்மாவே வரலாம்லய்யா?

வெள்ளைச்சாமி: வீட்டுக்காரன் சும்மா சும்மா மாடி ஏறுனா குடியிருக்குறவரு என்ன நெனப்பாரு? வேவு பாக்குறான்னு நெனச்சு நீங்க காலி பண்ணிட்டா... அப்பறம் மேலயும் ஆளு இருக்காதே. பாட்டுச் சத்தம்னா, சண்ட போட வந்த மாதிரி வரலாம் பாருங்க.

ரகுநாத்: அந்தச் சாக்கு வேண்டாம்னுதான் இன்னைக்கு ஒடைச்சுச் சொன்னேன்.

வெள்ளைச்சாமி: சரி, நாந்தான் பொய் சொன்னேன். ஸ்பீக்கரே இல்லாம, தெனமும் நான் வந்து திட்டத் திட்ட, ‘மன்னிச்சுருங்கய்யா, இந்தா கொறச்சுட்டேன்’னு நீங்களும் லேப்டாப்புல எதையோ அமுக்குனீங்களே... அது எதுக்கு?

ரகுநாத்: பாட்டே ஓடலன்னு சொல்லியிருந்தா, நீங்க அப்பவே எறங்கிப் போயிருப்பீங்களேய்யா.