நடுவிலிருந்து பரவிய புல்

ப்ரோம் புல் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மாடு ஆசையாகத் தின்னும். பனி விலகியதும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பச்சை கட்டும். அதை எங்கே விதைக்கிறோம் என்பதில்தான் தப்பு வருகிறது.

எங்கள் பழைய கல்லறைத் தோட்டம் நாலு ஏக்கர். ஐயோவாவில் எங்கள் பக்கம் பார்த்த இடமெல்லாம் சோளம், சோயா. முதலில் குடியேறியவர்களைப் புதைத்த இடம் என்பதால் இங்கே மட்டும் ஏர் படவில்லை. அந்தக் காலத்துப் புல்வெளி அப்படியே தங்கிவிட்டது. முப்பது வருடமாக நான்தான் காவல். ஏப்ரலில் காய்ந்த புல்லைக் கொளுத்துவேன், அப்போதுதான் பழைய செடிகள் துளிர்க்கும். ஜூனில் பூ எண்ணுவேன். நூற்றுப் பன்னிரண்டு வகைச் செடி இருந்தது.

பக்கத்து நிலத்தில் அண்ணன் ஆர்வில் மாடு வளர்த்தான். "களைக்குக் காவக்காரனாடா நீ, ஆர்லன்? மாடுகூட மோந்து பாக்காது" என்பான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் டிராக்டரில் கலப்பையை மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி வந்தான். கல்லறைக் கல் இல்லாத பாதியை உழுது ப்ரோம் விதைக்கப் போகிறானாம். விதை மூட்டையும் கொண்டுவந்திருந்தான். "செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்கடா" என்று சிரித்தான். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். பிறகு கையிலிருந்த மண்வெட்டியால் ஒரு முறை அடித்தேன். ரொம்ப வலித்திருக்காது.

டிராக்டரை அவன் கொட்டகையில் விட்டேன். அலாஸ்காவுக்கு மீன்பிடிக்கப் போய்விட்டான் என்று சொன்னேன். போகப் போகிறேன் என்று அவனே வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததால் யாரும் தோண்டித் துருவவில்லை.

பழைய புல்வெளியில் குழி வெட்டினால் அந்தத் தழும்பு இருபது வருடம் ஆறாது. ப்ரோம் ஒரே வருடத்தில் பாய் விரித்த மாதிரி மூடிவிடும். மூட்டையும் கையில் இருந்தது. அவன் மேல் மட்டும்தான் தூவினேன். அது அங்கே நிற்கவில்லை. வேர் மண்ணுக்கடியில் ஓடி, வெயிலையும் ஈரத்தையும் முந்திப் பிடித்துக்கொண்டது. அதைப் பிடுங்கவும் என்னால் முடியாது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

செடி எண்ணுவதற்கு வருடாவருடம் கிரெட்சன் வருவாள், பல்கலைக்கழகத்துப் பெண். மரச் சட்டத்தைத் தரையில் போட்டு உள்ளே இருப்பதை எண்ணுவாள். முதலில் ஒரு சட்டத்துக்குள் முப்பத்தொரு வகை. அப்புறம் பத்தொன்பது. போன மாதம் நாலு. அன்றைக்குச் சட்டத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஆர்லன், ப்ரோம் வேலியோரத்துலேருந்துதானே உள்ள வரும்? இது நடுவுலேருந்து வெளிய போவுது."

"பறவை போட்டிருக்கும்."

"என் பழைய குறிப்பப் பாத்தேன். மொதல்ல ஆறடி நீளம், மூணடி அகலம். அளவெடுத்துப் போடுற பறவையா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை. "அந்த மண்வெட்டியக் குடுங்க. வேரு எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்துடலாம்."

தர மறுத்தால் சந்தேகம் வலுக்கும். கொடுத்தேன். நாலு வெட்டு வெட்டினாள். "நகரும்மா, மண்ணு கெட்டி, நான் வெட்டுறேன்" என்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் தேடுகிற கிரெட்சன் மேற்கு மூலையில் இருக்கிறாள். அங்கேயும் விதைத்தாயிற்று, ஒரு மழை விழுந்தால் முளைத்துவிடும். உங்கள் போலீஸ் ஆட்களிடம் பதமாகத் தோண்டச் சொல்லுங்கள். பக்கத்தில் வடக்கு தெற்காக இலை நீட்டும் திசைகாட்டிச் செடி ஒன்று மிஞ்சியிருக்கிறது, என்னைவிட வயதில் மூத்தது. என்னை உள்ளே வைத்துவிட்டால் இந்தப் புல்வெளியை அழியாமல் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது.