பொன்னாடையில் ஒட்டிக்கொண்ட கைபேசி

கையில் ஒட்டிய வர்ணத்தை வேட்டியில் துடைக்கலாமா கூடாதா என்று திகைத்து அமர்ந்திருக்கும் சபைத் தலைவர் ஸ்ரீரங்கன் மாமா அவர்களே! தியாகராய நகரின் ஜவுளிக் கடலே, விழாவின் புரவலரே, ஜவஹர் அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையில் முழு அதிகாரத்தோடு வீற்றிருக்கும் அபயாம்பாள் மாமி உள்ளிட்ட தாய்மார்களே! மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்துவிட்ட பெரியோர்களே! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நிற்கும் ஓவியர் ஸஹானாவே! அனைவருக்கும் பாலவாக்கம் சாய்நாத்தின் வணக்கம்.

நான் பேச வந்தவன் அல்ல. ஏசி இன்ஜினியர். ஸஹானாவோடு பள்ளியில் படித்த பாவத்துக்குப் படம் மாட்ட வந்தேன். மைக்கை ஏன் பிடுங்கினேன்? சொல்கிறேன். கேன்டீனில் அடை தின்றுவிட்டு இப்போதுதான் உள்ளே வருகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸஹானா திபெத்தியர் வாழ்வை எண்ணெய் வர்ணத்தில் வரைகிறவள். கர்நாடகத்தில் அவர்கள் குடியிருப்பில் தங்கி, மடத்துக் கொடிகள் படபடப்பதைப் பார்த்தவள். கொடிக்குப் பக்கத்திலேயே செல்போன் கோபுரம் நிற்பதையும் பார்த்தவள். இரண்டையும் மறைக்காமல் வரைந்தவள். இது அவளுடைய முதல் கண்காட்சி. நடுவில் மாட்டியிருக்கிறதே, அந்தப் படத்தில் செவ்வாடைத் துறவி ஒருவர் கைபேசியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். சிரித்தார். சற்று முன்புவரை.

ஈரம் காயவில்லை, தொடாதீர்கள் என்று சொன்னேனா இல்லையா? சொன்னேன்! மாமா என்ன செய்தார்? ஃபேனைத் திருப்பி வைத்தார். ஐயா, எண்ணெய் வர்ணம் என்ன வடாமா, காற்றில் காய? அது காற்றைக் குடித்துக் குடித்து, வாரக்கணக்கில், தானாக இறுக வேண்டும்!

சிறப்பு விருந்தினரோ அடையாறு பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். பொன்னாடை மிஞ்சிவிட்டது. இந்தச் சபையில் பொன்னாடை மிஞ்சலாமா? என்றாவது மிஞ்சியதுண்டா? "மகான் மாதிரி இருக்கார், இவருக்கே போத்திடலாம்" என்று படத்துத் துறவியைக் காட்டினார் மாமா. போர்த்தினார். கூடமே கைதட்டியது. பழக்கதோஷம், நானும் தட்டினேன். எடுக்கப் பார்த்தார், வரவில்லை. இழுத்தார், வந்தது. பொன்னாடையோடு, ஈர வர்ணத்தில் இருந்த கைபேசியும் ஒட்டிக்கொண்டு வந்தது! இதோ பாருங்கள், ஜரிகைக்கு நடுவே ஒரு கைபேசி.

(யாரங்கே படம் எடுப்பது? எடுத்துக்கொள். ஃபிளாஷ் வேண்டாம்.)

அதோடு முடிந்ததா? "மகானே போனைத் துறந்துட்டார், பாத்தேளா!" என்றார் அபயாம்பாள் மாமி. நாலு பேர் வலம்வரப் புறப்பட்டார்கள். சுவரில் மாட்டிய படத்தை! பாதி வட்டம் போய்ச் சுவரில் முட்டித் திரும்பினார்கள்.

அண்ணாச்சி எழுந்தார். "ஏ தாயி, இப்படியே குடுத்துரு. அந்தக் கையில ஒரு பூவ மட்டும் வரைஞ்சிரு. கேட்ட வெலை தாரேன், கடை வாசல்ல மாட்டுதேன்."

"போன் இல்லாம அந்தப் படமே இல்ல, அண்ணாச்சி" என்றாள் ஸஹானா.

"போன வரைஞ்சா எடத்தைக் காலி பண்ணும்மா. இது சங்கீதம் வளர்ந்த கூடம்" என்றார் மாமா.

பூ வரைந்தால் முதல் விற்பனையும் உண்டு, முதல் கண்காட்சியும் உண்டு. கைபேசி வரைந்தால் இரண்டும் இல்லை. இதுதான் தீர்ப்பு!

கேட்கிறேன், சபையோரே! எதைப் பார்த்துச் சிரிக்கிறார் அந்தத் துறவி? திரையில் அவருடைய அக்கா. கனடாவில் இருக்கிறாள். பிறந்த ஊருக்கு இருவருமே திரும்ப முடியாது. அவருக்கு வீடு எங்கே? அந்தக் கைபேசிக்குள்! கூடப்பிறந்தவள் எங்கே? அந்தக் கைபேசிக்குள்! ஊரை உள்ளங்கையில் ஏந்தி நிற்பவரிடமிருந்து ஊரையே பிடுங்கிவிட்டு, தோளில் துணியைப் போர்த்துவதற்குப் பெயர் மரியாதையா? புதுமை எல்லாம் நமக்கு, பழமை மட்டும் அவருக்கா? எந்த ஊர் நியாயம் இது?

யார் போன் அடிக்கிறது? மாமியுடையதா? எடுங்கள் மாமி. எனக்குப் பொறுமை கிடையாது, ஆனாலும் நிற்கிறேன்.

"டேய் கண்ணா! சாப்டியாடா? அங்க பனி கொட்டறதா? குல்லா போட்டுண்டியோ? எங்க, ஜன்னல் பக்கம் திருப்பு, பாக்கறேன்... ஐயோ, எவ்ளோ வெள்ளை!"

சபையோரே, பேசாதீர்கள். மாமியின் முகத்தைப் பாருங்கள். இப்போது படத்தைப் பாருங்கள். அதே சிரிப்பு! அச்சு அசலாக அதே சிரிப்பு! வெளியே இந்தக் கோயில் மாடவீதி நெடுக எந்த வீட்டில் இல்லை இந்தச் சிரிப்பு? எந்த மாமி துறந்தார் கைபேசியை?

என்ன மாமி? மைக்கில் சொல்லுங்கள்.

"ஸஹானா, அந்தப் போன வரைஞ்சுடுடீம்மா. பூவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஸ்ரீரங்கா, படம் இங்கதான் இருக்கும். நீ சும்மா இரு."

கைதட்டுங்கள்! இதற்குத் தட்டாமல் எதற்குத் தட்டுவீர்கள்? அண்ணாச்சி ஏதோ கேட்கிறாரே?

"அப்பம், அந்த அக்காவுக்கு மட்டும் நம்ம கடைப் பட்டு ஒண்ணு கட்டிவிடலாமாப்பா?"

முடியாது அண்ணாச்சி! வாங்கினால் இப்படியே வாங்குங்கள். இல்லையென்றால் சும்மா பார்த்துவிட்டுப் போங்கள்.

ஸஹானா தூரிகையைக் கையில் எடுத்துவிட்டாள். விலைபோகுமோ போகாதோ, அக்கா திரும்பி வருகிறாள். வந்தவர்களுக்கும், வழிவிட்டவர்களுக்கும், சரியான நேரத்தில் கூப்பிட்ட மாமியின் பிள்ளைக்கும் என் நன்றி, வணக்கம்.

மாமா, எனக்குப் பொன்னாடை வேண்டாம். படம் காயும்வரை அதை உங்கள் இரண்டு கைக்கும் சுற்றிக்கொண்டு உட்காருங்கள்.