ரெண்டாவது சரணம்

– அந்தப் பாட்டப் போடுண்ணே. எங்காதால நான் கேக்கணும்.

– ஏ வினோ, கடையில கூட்டம் நிக்கிது. ஸ்டார் வாங்க வந்தவுக, குடில் பொம்மை வாங்க வந்தவுக… சேசுவே! செத்த பொறு தாயி.

– பொறுக்க மாட்டேன். வடமதுரையிலருந்து பஸ்ல நின்னுக்கிட்டே வந்துருக்கேன். நம்ம கோயில் பாட்டுக் கேசட்ட இந்தக் கிறிஸ்மஸுக்குப் புதுசாப் போட்ருக்கியாமே, பென் டிரைவுல, யூடியூபுல. அதப் போடு.

– இந்தா, போட்டாச்சு. நல்லாத்தான போட்ருக்கேன்? பளிச்சுன்னு சுத்தம் பண்ணி, அந்தக் கொரகொரப்பெல்லாம் எடுத்து… குரல் கணீர்னு இல்ல?

– குரல் இருக்கு. பேரு எங்க? 'பாடியவர் அன்புக்கரசி'ன்னு போட்ருக்க. மதினி எப்பண்ணே பாடுனாக? பின்னாடி நின்னு 'அல்லேலூயா'ன்னு கோரஸ் குடுத்தாக. அதுவும் சுருதி சேராம.

– அது… அட்டை அடிச்ச பய மாத்தி அடிச்சுட்டான்.

– அட்டையில மாத்தி, யூடியூபுலயும் மாத்தி, கடை வாசல்ல பிளக்ஸுலயும் மாத்தியா? என்னையக் கேனச்சின்னு நெனச்சியா?

– இல்ல தாயி…

– இந்தா, ரெண்டாவது சரணம் வருது. கேளு. 'மாட்டுத் தொளுவில் மளலை அளுதான்.' மதினிக்குத் 'தமிளு'ல வர்ற அந்த எளுத்து சுத்தமா வரும். எனக்குத்தான் சின்னப் புள்ளையிலருந்தே வராது. ரெக்கார்டிங் அன்னைக்கு நீ தலையில தலையில அடிச்சுக்கிட்ட. பங்குச் சாமியார்தான், 'விடப்பா, சேசு பாலனுக்குப் புரியும்'னாரு. மறந்துட்டியா?

– ஒங்குரல் இல்லன்னு நான் சொல்லலையே.

– அப்பறம் ஏண்ணே எடுத்த? எம்பேரு அச்சுல வந்தது அந்தப் பளைய கேசட்டு அட்டை ஒண்ணுலதான். பீரோவுல கல்யாணச் சேலைக்குள்ள மடிச்சு வச்சுருக்கேன். அதையும் புடுங்கிப் பொண்டாட்டி பேருக்கு எளுதிட்டியே. கூடப் பொறந்தவன் செய்யிற வேலையா இது?

– அழுவாத வினோ. ஆளுக பாக்குறாக.

– பாக்கட்டும்! வயிறு எரியுது எனக்கு. இரு, எங்க வீட்டுக்காரருக்குப் போனப் போடுறேன். அவரு வந்து கேட்டாத்தான் ஒனக்கு ஒறைக்கும்.

– மாப்ளைக்கு எதுக்கு? வேணாம்.

– பயமாருக்கோ? இருக்கும்ல! அந்தக் கேசட்டக் கேட்டுட்டுத்தான அவரு என்னையப் பொண்ணு கேட்டு வந்தாரு. இன்னமும் வருசா வருசம் கிறிஸ்மஸுக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியாருகள எல்லாம் சாப்பிடக் கூப்டுவாரு. சாப்டு முடிச்சதும், 'வினோ, அந்த ரெண்டாவது சரணத்த மட்டும் எடுத்து விடு'ம்பாரு. கையக் களுவிட்டு வந்து பாடுவேன். 'இன்னொருக்கா, இன்னொருக்கா'ம்பாரு. அம்புட்டுப் பேரும் சிரிச்ச மொகமாக் கேப்பாக. அந்த மனுசனுக்கு இது தெரிஞ்சா ஒங்கடையவே ரெண்டாக்கிருவாரு.

– போன வையி.

– ரிங்கு போகுது.

– வையின்னு சொல்றேன்ல! மாப்ளைக்குத் தெரியும்.

– என்ன தெரியும்?

– ஒம்பேர எடுக்கச் சொன்னதே அவருதான்.

– வாய் கூசாமப் பொய் சொல்லாத. மாதா மேல சத்தியம் பண்ணு.

– மாதா மேல சத்தியம். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கையப் புடிச்சுக் கேட்டாரு. 'மச்சான், நான் தமிழ் வாத்தியாரு, இப்ப ஹெட்மாஸ்டரு வேற. எம்பொண்டாட்டி பேரப் போட்டு, மளலை அளுதான்னு ஊரெல்லாம் போனுல கேட்டா, பயலுக என்னைய மதிப்பானுகளா'ன்னாரு. அப்பப் பாட்டையே விட்றவான்னேன். 'பாட்டு இருக்கட்டும், பேர மட்டும் எடுங்க'ன்னாரு. பேரு இல்லாம விட மனசு வரல, மதினி பேரப் போட்டேன். அது என் தப்புத்தான்.

– 'பேர மட்டும் எடுங்க'ன்னாரா?

– ஆமா தாயி. என்னையத் திட்டணும்னாலும் திட்டு. இந்தா, போனுல அவரு 'ஹலோ ஹலோ'ங்கிறாரு பாரு.

– ஏண்ணே… அப்ப அந்த வாத்தியாருகெல்லாம் வருசா வருசம் எதுக்குண்ணே சிரிச்சாக?