வாசல் தாண்டாத வியாதி

ஹேமலதா: பேசாதீங்க... நாடி எண்ணிக்கிட்டு இருக்கேன்.

மர்ஜியா: நான் எங்க பேசினேன்? மாமிதான்...

பாத்திமா பீவி: வாய மூடிட்டேன்மா. எவ்வளவு?

ஹேமலதா: நூத்திப் பதினெட்டு.

பாத்திமா பீவி: யா அல்லாஹ்! உக்காந்த எடத்துல உக்காந்திருக்கற புள்ளைக்கா?

ஹேமலதா: அதுக்குத்தான் பெரம்பலூர் கூட்டிட்டு வாங்க, டாக்டர் பாக்கட்டும்னு மூணு வாரமா தலபாடா அடிச்சுக்கறேன்.

பாத்திமா பீவி: வந்தாத்தானே? என் தம்பி மவ நிக்காஹ், பக்கத்துத் தெரு... அதுக்கே வாசல் தாண்டல. நரம்புத் தளர்ச்சிம்மா என் மருமவளுக்கு. அதான் நர்ஸம்மா, உன்ன வூட்டுக்கே வரச் சொன்னேன்.

ஹேமலதா: மர்ஜியாக்கா, இன்னைக்கு எப்ப ஆரம்பிச்சுது?

மர்ஜியா: பள்ளிவாசல்ல ஜும்ஆவுக்கு பாங்கு சொன்னதும். நெஞ்சு தடதடங்குது. மூச்சு பாதியில நின்னு போவுது. செத்துருவேனோன்னு...

பாத்திமா பீவி: வாயக் கழுவு!

ஹேமலதா: சாவெல்லாம் வராதுக்கா. ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்க. நரம்புல ரெண்டு தினுசு. ஒண்ணு, ஓடு ஓடுன்னு உடம்ப வெரட்டும். இன்னொண்ணு, போதும் உக்காருன்னு அடக்கும். ஆபத்து வந்தா வெரட்டுற நரம்பு முழிச்சுக்கும். நெஞ்சு அடிச்சுக்கும், கை சில்லுன்னு போவும்...

மர்ஜியா: இங்க என்ன ஆபத்து? மாமி ஒருத்தங்கதான் இருக்காங்க.

பாத்திமா பீவி: பாத்தியா... இந்த நேரத்துலயும் என்னைய வம்புக்கு இழுக்கறா!

ஹேமலதா: ஆபத்து போனா அது அடங்கணும். ஒங்களுக்கு அடங்க மாட்டேங்குது. மூச்ச மெதுவா வுட்டா அடக்குற நரம்பு வேலை செய்யும். நாலு எண்ணி இழுங்க... எட்டு எண்ணி வுடுங்க.

மர்ஜியா: ...அஞ்சுலயே தீந்துபோச்சு.

ஹேமலதா: அஞ்சே போதும். நாளைக்கு ஆறு. கால் ரெண்டும் தரையில அழுந்தட்டும்... ம். அப்படித்தான்.

பாத்திமா பீவி: நீங்க எண்ணுங்க. நான் டீ போட்டு எடுத்தாரேன்.

ஹேமலதா: சக்கர கம்மியா, பாத்திமாம்மா!

மர்ஜியா: கல்யாணத்துக்கு இளைக்கறியாக்கும்?

ஹேமலதா: மொதல்ல மாப்புள்ள கெடைக்கட்டும். சரி, எந்திரிங்க. வாசப்படி வரைக்கும் மூணே அடி. நான் கையப் புடிச்சுக்கறேன்.

மர்ஜியா: வேணாம்.

ஹேமலதா: பயந்த நரம்புக்கு அங்க ஒண்ணுமில்லன்னு காட்டணும்க்கா. இன்னைக்கு வாசப்படி, நாளைக்குத் தெரு...

மர்ஜியா: வேணாங்கறேன்ல.

ஹேமலதா: ஒரே ஒரு காலு வெளிய வெச்சுட்டு வந்துருங்க. வாங்க...

மர்ஜியா: கைய விடு ஹேமா! விடுன்னா விடு!

ஹேமலதா: என்னக்கா இப்படி உதறிட்டீங்க?

மர்ஜியா: அடுப்படிக் கதவு சாத்தியிருக்கா?

ஹேமலதா: சாத்தியிருக்கு.

மர்ஜியா: மெதுவா பேசு. எனக்கு வாசலக் கண்டா பயமில்ல. நான் இத்தாவுல இருக்கேன்.

ஹேமலதா: அப்படின்னா?

மர்ஜியா: எங்கள்ல புருசன் மவுத்தானா, நாலு மாசம் பத்து நாள் பொண்டாட்டி வாசல் தாண்டக் கூடாது. பூ கூடாது, நக கூடாது, நல்ல சேல கூடாது. எனக்கு இன்னையோட நாப்பத்தி மூணு நாள்.

ஹேமலதா: அக்கா... அனஸண்ணனா?

மர்ஜியா: ம்.

ஹேமலதா: சவுதியில, தம்மாம்லயா? எப்படிக்கா?

மர்ஜியா: வேல பாத்த கட்டடத்துல சாரம் சரிஞ்சு வுழுந்து... அவரு ரூம்ல கூட இருந்த நம்மூரு அம்மார் போன் பண்ணினான். அங்கயே அடக்கிட்டாங்களாம். மொகம்கூடப் பாக்கல, ஹேமா.

ஹேமலதா: பாத்திமாம்மாவுக்குத் தெரியுமா?

மர்ஜியா: தெரியாது. போன வருசம்தான் நெஞ்சுக்கு ஆபரேசன் ஆச்சு. அதிர்ச்சி எதுவும் ஆவாதுன்னு திருச்சி டாக்டர் சொல்லி அனுப்புனாரு. ஒரே மவன்... எந்த வாயால சொல்லுவேன்?

ஹேமலதா: வாராவாரம் போன் வருதுன்னாங்களே?

மர்ஜியா: வெள்ளிக்கிழம இந்த ஜும்ஆ நேரத்துலதான் பேசுவாரு. இப்ப மாமி உள்ள தொழுதுட்டு இருக்கறப்ப நானே போன எடுத்து காதுல வெச்சுக்கிட்டு... நல்லாயிருக்கீங்களா, சாப்ட்டீங்களான்னு பேசுவேன். அவங்க காதுல வுழற மாதிரி.

ஹேமலதா: அய்யோ...

மர்ஜியா: பாங்கு சொன்னா நெஞ்சு அடிச்சுக்காம என்ன செய்யும்? எந்த நரம்பு இத அடக்கும், சொல்லு?

ஹேமலதா: ட்ரெய்னிங்ல இத யாரும் சொல்லிக் குடுக்கல.

மர்ஜியா: வராங்க. மொகத்தத் தொடச்சுக்க.

பாத்திமா பீவி: இந்தா நர்ஸம்மா, டீ. ஏன் கண்ணு செவந்திருக்கு?

ஹேமலதா: தூசிம்மா.

பாத்திமா பீவி: மர்ஜியா, அனஸ் பேசிட்டானா?

மர்ஜியா: நீங்க தொழுவறப்பவே பேசிட்டாரு மாமி. மருந்த நேரத்துக்குப் போடச் சொன்னாரு.

பாத்திமா பீவி: வேற?

மர்ஜியா: பெருநாளைக்கு... லீவு கெடச்சா வரேன்னாரு.

பாத்திமா பீவி: போன வாரம் ரோட்ட வெட்டுனாங்கள்ல. அன்னைக்கே போன் ஒயரு அறுந்துபோச்சு, புள்ள.

மர்ஜியா: ...மாமி?

ஹேமலதா: நான் வெளிய இருக்கட்டுமா?

பாத்திமா பீவி: நீ இரு. இருந்து அவ கையப் புடிச்சுக்க. மர்ஜியா, அம்மாரோட உம்மா சேதி வந்த அன்னைக்கு சாயங்காலம் மஃரிபுக்கே வந்து என் காதுல சொல்லிட்டா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கி அனுப்புனேன். மறுநா காலையில நீ கண்ணுக்குச் சுருமா போடல, பூவத் தொடல. வளையக் கழட்டி பீரோவுல வெச்ச. இத்தாவுல உக்காந்துட்டான்னு புரிஞ்சுபோச்சு.

மர்ஜியா: தெரிஞ்சுமா... இவ்வளவு நாளும்?

பாத்திமா பீவி: நிக்காஹ்வுக்கு வா, கடைக்கு வான்னு ஆளாளுக்கு வந்து இழுப்பாங்க. அதான் நரம்புத் தளர்ச்சின்னு தெரு பூரா நானே சொல்லி வெச்சேன். ஆனா ஒன் நெஞ்சு அடிச்சுக்கறது நெசமாவுல்ல இருக்கு... அந்தப் பயத்துலதான் இந்தப் புள்ளையக் கூப்பிட்டேன்.

மர்ஜியா: ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மாமி!

பாத்திமா பீவி: எப்படிக் கேப்பேன்? சாப்ட்டீங்களான்னு நீ கேக்கறப்ப, எம்மவன் அங்க உக்காந்து பதில் சொல்ற மாதிரியே இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு நானும் காத்துக் கெடந்தேன்.

மர்ஜியா: மாமி... ஒங்க நெஞ்சு...

பாத்திமா பீவி: எனக்கு ஒண்ணும் ஆவாது. ஒனக்குக் கேட்டுருமேன்னு தண்ணிக் கொழாயத் தொறந்து வுட்டுட்டு வாயில முந்தானைய அடச்சுக்கிட்டேன், நாப்பத்தி மூணு நாளா. பெத்தவம்மா நான்... இப்ப சத்தம் போட்டு அழட்டுமா?