பதினெட்டு நிமிட நீராவி

பிப்ரவரி 20, வியாழன்.

இன்று மாலை ஆய்வகப் பயிற்சி வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். கிராம் சாயம் ஏற்றினால் ஊதாவாகத் தெரியும் கோல் வடிவக் கிருமிகளைச் சிவப்பு என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினேன். நோட்டில் தவறு இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பகலில் ஒரு சிறிய மருத்துவமனையில் அறுவைக் கருவிகளை நீராவிக் கலனில் வைத்துக் கிருமி நீக்குகிறேன். துணியில் பொதிந்தவற்றுக்கு முப்பது நிமிடம். கருவிகள் கழுவி வரவே ஐந்தாகிவிடும். கலன் சூடேறவும் ஆறவும் ஆகும் நேரம் போக முப்பது வைத்தால் ஐந்தே முக்கால் மணிப் பேருந்து போய்விடும். பாதி வகுப்பும் போய்விடும். அதனால் பதினெட்டுதான் வைத்துவந்தேன். பொதியில் ஒட்டும் நாடாவின் கோடுகள் அதற்குள்ளேயே கறுத்துவிடும். நாடா கறுத்திருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. பதிவேட்டில் முப்பது என்று எழுதிவந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஆசிரியர் கிளாஸ்ட்ரிடியம் நடத்தினார்; புண்ணில் புகுந்து சதையை அழுகவைக்கும் ஊதாக் கோல் கிருமி. பிழைக்க வழியில்லாதபோது அது ஓடு கட்டிக்கொண்டு உறங்குமாம். "அரைகுறையா சூடு காட்டினா அதுக்கு வெந்நீர்க் குளியல்மா. குளிச்சிட்டுத் தெம்பா எழுந்திரிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான் அடிக்கோடிட்டுக்கொண்டேன். மறுநாள் முப்பது வைத்தேன். பேருந்து போய்விட்டது. அதற்கடுத்த நாள் பதினெட்டு.

திங்களன்று ஒரு தையற்காரருக்குக் கால்முறிவில் தகடு வைத்தார்கள். அறைக்குள் தள்ளிப்போகும்போது, கலனிலிருந்து பொதிகளை எடுத்துவந்த என்னைப் பார்த்து, "தங்கச்சி, நானும் இரும்பைச் சூடாக்கிப் பொழைக்கிறவன்தான். உன் பெட்டி எப்படி, நல்லா சூடு ஏறுமா?" என்றார்.

"ஏறும்ணே" என்றேன். பொய் இல்லை. சூடு ஏறத்தான் செய்தது.

நேற்று கால் வீங்கியது. இன்று காலை கறுத்து, தொட்டால் தோலுக்கடியில் காற்று நொறுநொறுத்தது. ஆய்வகச் சீட்டில் ஊதாக் கோல்கள். மதியத்துக்குள் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வெளியே பெஞ்சில் அவர் மனைவி. மூத்த நர்ஸ் கேட்டார்: "ஏம்மா, கட்டைப் பிரிச்சுப் பார்த்தியா?"

"ஒரே ஒரு தடவைக்கா. வாடை வந்துச்சேன்னு..."

"அதான். சொன்னா கேட்டாத்தானே."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானே கெடுத்துட்டேனே. இனி எந்தக் காலால மெஷினை மிதிப்பாரு?"

தண்ணீர் கொடுத்தேன். "தெரியாம செஞ்சதுதானேக்கா" என்றேன். அவள் தலையாட்டினாள்.

தெரிந்தே செய்தவள் நான். போய்ச் சொல்லலாம்தான். மருத்துவர் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். சொன்னால் கால் முளைக்காது. வேலை போகும், வகுப்பும் நிற்கும். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள். தேறினால் ஆய்வகத்தில் சேர்ந்து, இவரைப்போல எத்தனையோ பேரைக் காப்பாற்றுவேன்.

நாளை: தையற்காரரின் புண்ணைச் சனிக்கிழமை மறுபடி சுத்தம் செய்வதற்கான கருவிகளை மாலை ஐந்துக்குக் கலனில் ஏற்ற வேண்டும். ஆறு மணிக்கு மாதிரித் தேர்வு.