கம்பத்தைப் பிடிக்க ரெண்டு பேர்

— இந்த நயாகராப் படுதாவைச் சுருட்டி வைம்மா அம்சவேணி. எங்க செக்‌ஷன்ல பாதிப் பேருக்கு ப்ராஸ்டேட். அருவிக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் நிறுத்தினியானா க்ரூப் போட்டோல ஒரு ஆள் மிஞ்சமாட்டான்.

— ஐயா, மூஞ்சி கேமராவைப் பாக்குமுங்க. அருவி முதுகுப் பக்கந்தானுங்களே இருக்கப் போவுது?

— சத்தம் கேக்கறதேம்மா! அவ்வளவு தத்ரூபம். இதோ பார், என் சட்டையே நனைஞ்சுடுத்து.

— அது நீங்க கொட்டிண்ட டீ. அம்சவேணி, மாமா சொல்றதுல பத்துல ஒண்ணை மட்டும் எடுத்துக்கோ. ரிடையர் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான், வாய்க்குப் பென்ஷன் வாங்கத் தெரியலை.

— சரிங்க மாமி. இது சுவிட்சர்லாந்துங்க, பஞ்சாபிக் கல்யாணத்துக்கு இதத்தான் கேப்பாங்க. இது புத்தக அலமாரி, வக்கீலுங்க எடுத்துட்டுப் போவாங்க. இந்தச் செவப்பு வெல்வெட்டு நாட்டியக்காரங்களுக்கு. எத்தனை பேரு, எங்க நிக்கறீங்கன்னு சொல்லிப்போட்டா நானே பொருத்தமா எடுத்துக் குடுத்துருவனுங்க.

— இருபது இருபத்திரண்டு பேர் இருப்போம். எல்லாரும் ஒரே மினிஸ்ட்ரில வேலை பார்த்து ரிடையர் ஆனவா. ஹோலிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. இடம், எங்க பழைய ஆபீஸ் கேட்டுக்கு வெளியில, நடைபாதைல.

— ஆபீஸ் முன்னாலயேங்களா? அப்ப கட்டடமே பின்னாடி நிக்குமேங்க மாமி. பேக்டிராப் எதுக்குங்க வாடகைக்கு?

— அதை மாமாவைக் கேளு.

— என்னைக் கேக்க என்ன இருக்கு ருக்கு? நான் முறைப்படி அனுமதி கேட்டேன்.

— யார் கேக்கச் சொன்னா? பேசாமப் போய் நின்னு, நாலு க்ளிக் பண்ணிண்டு, ஆளுக்கு ஒரு சமோசா தின்னுட்டு வந்திருந்தா ஒரு காக்காகூடத் திரும்பிப் பார்த்திருக்காது. இவர் விண்ணப்பம் எழுதினார். மூணு காப்பி. கூடவே, யார் யார் எந்த இடத்துல உக்காருவான்னு அனெக்‌ஷர் வேற.

— அம்மா அம்சவேணி, நான் அண்டர் செக்ரெட்டரியா இருந்தவன். கேக்காம ஒரு காரியம் பண்ணினா எனக்கு ஜுரம் வந்துடும். அந்த விண்ணப்பத்தோட இங்கிலீஷைப் பார்த்து அங்க ரெண்டு டைரக்டர் அழுதுட்டாளாம்.

— அழுதுண்டேதான் முடியாதுன்னு பதில் எழுதினா போலிருக்கு. கட்டடம் படத்துல விழப்படாதாம். இப்போ எல்லா செக்யூரிட்டி கார்டுக்கும் நாங்க வரப்போறது தெரியும்.

— அடக் கடவுளே! அப்ப வேற எங்காச்சும் எடுத்துக்கலாமுங்களே? லோதி கார்டன்ல எடுங்க, நல்ல வெளிச்சமுங்க.

— மாட்டேன். கட்டடம் விழப்படாது, அவ்வளவுதானே? துணியைக் கட்டி மறைச்சுடறேன். ஆனா நிக்கறது அந்த வாசல்லதான். நடைபாதை அவா பாட்டன் சொத்தா? கார்டு விசில் ஊதினா துணியைச் சுருட்டிண்டு அடுத்த கேட். அங்கயும் ஊதினா அதுக்கடுத்த கேட். அதனாலதான் சட்டுனு நிறுத்தி, சட்டுனு மடக்கறதாக் கேக்கறேன்.

— ருக்கு, நீ இப்படிப் பேசறச்சே எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கறது! அம்சவேணி, என் ஐடியாவைக் கேளு. அந்தக் கட்டடத்தையே ஃப்ளெக்ஸ்ல அச்சடிச்சு, கட்டடத்துக்கு முன்னாலயே கட்டிடுவோம். உள்ள இருக்கறவனுக்கே எது ஆபீஸ்னு தெரியாம துணிக்குள்ள நுழைஞ்சு அட்டெண்டன்ஸ் போடுவான்!

— வேண்டாம். நம்மளை வேண்டாம்னு சொன்ன கட்டடத்துக்கு நம்ம படத்துல மட்டும் எதுக்கு இடம்?

— அச்சா, அப்ப இந்தப் பச்சைத் துணி பாருங்க மாமி. கம்ப்யூட்டர்ல போட்டா பச்சையெல்லாம் போயிரும். அப்பறம் பின்னாடி கோயிலோ கடலோ எது வேணாலும் வெச்சுக்கலாமுங்க.

— நாங்க பொம்மனாட்டிகள்லாம் பச்சைப் பட்டுல வரதாப் பேசி வெச்சிருக்கோமே.

— ஐயையோ! சேலையும் சேர்ந்து போயிருமுங்க. தலை மட்டும்தான் மெதக்கும்.

— பிரமாதம்! பத்துப் பன்னெண்டு தலை அந்தரத்துல! இந்திரலோகம் மாதிரி இருக்கும் ருக்கு!

— தலையாவது மிஞ்சறதே. ஜ்யோத்ஸ்னாக்கு அதுகூட மிஞ்சலை.

— யாருங்க மாமி அது?

— எனக்குப் பக்கத்து டைப்ரைட்டர். சித்தரஞ்சன் பார்க்லேர்ந்து வருவா. நாங்க ரெண்டு பேரும் தட்டினா மழை பெய்யற மாதிரி இருக்கும்பா. போன தீபாவளிக்கு முன்னாடி போயிட்டா. இரங்கல் கூட்டத்துக்கு அம்மாவோட ஆபீஸ் படம் ஒண்ணு வேணும்னு அவ பொண்ணு கேட்டா. ஆபீஸ்ல வருஷா வருஷம் க்ரூப் போட்டோ எடுப்பாளே, அத்தனையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் அவளுக்கு முன்னாடி யாரோ ஒரு ஆபீசரோட தலை. கடைசில கிடைச்சது ஒரு காது. தோடு போட்ட காது.

— காதுங்களா?

— காதைப் பெரிசு பண்ணி, ஃப்ரேம் போட்டு, மாலை போட்டு வெச்சா. இவர் அதுக்கு முன்னாடி நின்னுண்டு அரை மணி பேசினார்.

— மனசுலேர்ந்து பேசினேன்டி. மைக்கே தேம்பித்து.

— அந்தப் படத்துல இவர் எங்க இருந்தார்னு கேளு அம்சவேணி.

— எங்கீங்க ஐயா?

— நடுவுல. நாற்காலில. அதுக்கென்ன பண்றது, க்ரூப் போட்டோக்குன்னு ஒரு சம்பிரதாயம் இருக்கு. முன் வரிசைல நாற்காலி, ஆபீசருக்கு. அதுக்குப் பின்னாடி கிளார்க். கடைசி வரிசை ஸ்டெனோ, டைப்பிஸ்ட், டெஸ்பாட்ச். பியூன்லாம் கீழ தரைல. இதை மாத்தினா பூமி சுத்தறது நின்னுடும்.

— நானும் கடைசி வரிசைதான். கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும். எனக்கு முன்னாடி நிக்கற சதுர்வேதியோட வழுக்கை எனக்கு மனப்பாடம். ஒரு படத்துல என் வகிடு விழுந்திருக்கு, இன்னொண்ணுல வளையல். சேர்த்து ஒட்டினாக்கூட ஒரு முழு ருக்மிணி தேறமாட்டா.

— அதுக்காகத்தான் இந்தப் படத்துக்கும் சம்பளக் கிரமப்படி அழகா ஒரு ப்ளான் போட்டு வெச்சிருக்கேன். நீ மூணாவது வரிசைல, ஆனா ஸ்டூல் மேல!

— அந்த ப்ளான் பேப்பர் சப்பாத்திக்கு எண்ணெய் ஒத்தப் போயாச்சு. அம்சவேணி, கறுப்புத் துணி இருக்கோ?

— கறுப்பா? ருக்கு, கறுப்புன்னா ஆர்ப்பாட்டம்னு நினைச்சுப்பான்!

— வேற என்னவாம்?

— இருக்குதுங்க மாமி. இது பாருங்க, நல்ல அகலம், கசக்கினாலும் மடிப்பு விழாது. கறுப்புல பச்சைப் பட்டு கண்ணப் பறிக்குமுங்க. நரைச்ச தலையெல்லாம் வெள்ளிக் கிண்ணமாட்டம் மின்னும். டை அடிச்ச தலைதான் துணியோட துணியாப் போயிரும்.

— கேட்டேளா?

— எனக்கென்ன, இது இயற்கை! எங்க வம்சத்துல தொண்ணூறு வயசுல எரிக்கறச்சேகூடக் கருகருன்னு இருக்கும்.

— பாத்ரூம்ல அந்த டை கலக்கின மக்கை யார் கழுவறா? அம்சவேணி, கறுப்பே இருக்கட்டும். பொம்மனாட்டிகளும் லக்கன்லாலும் முன்னாடி, நாற்காலில. அவன் ஒருத்தன்தான் எங்க செக்‌ஷன்ல மிஞ்சியிருக்கற பியூன். மத்தவா நின்னுக்கட்டும்.

— ஒண்ணு சொல்லிப்போடறனுங்க மாமி. ஸ்டாண்டு உயரத்துக்கு இந்தத் துணி தரையத் தொடாது. ஒரு சாண் மேலயே நிக்கும். முன்னாடி நாற்காலி போட்டாலும் அதோட கால் நடுவுல பின்னாடி இருக்கறது தெரியும். அப்பறம் காத்து. இது பாய்மரமாட்டங்க. ஸ்டுடியோவா இருந்தா காலுக்கு மணல் மூட்டை வெச்சிருவோம். கார்டு தொரத்தறப்ப மணல் மூட்டையத் தூக்கிட்டு ஓடுவீங்களா?

— காத்தா! எண்பத்தேழுல ஒரு ஆந்தி, புழுதிப் புயல், வந்துதும்மா, என் அம்பாஸடர் கார் தானாவே ரைசினா மலை ஏறித்து. டிரைவர் பின்னாடி ஓடறான். அதுல ஃபைல் இருக்கு, நிறுத்துடான்னு நான் கத்தறேன்...

— ஸ்கூட்டர் அது. பஞ்சர். அப்போ என்ன பண்றது அம்சவேணி?

— துணிக்குப் பின்னாடி ரெண்டு பேரு நின்னு, ஆளுக்கொரு கம்பத்தைக் கெட்டியாப் புடிச்சுக்கோணும். படம் எடுத்து முடியற வரைக்கும் உடப்படாது. கேமராவுக்கு நான் வந்துர்றனுங்க. எங்கூட இருக்கற பையனுங்க ரெண்டு பேருக்கும் அன்னிக்கு ரோஹிணில கல்யாண ஆர்டரு. ஆளு நீங்கதான் பாத்துக்கோணும்.

— அதுக்கென்ன பிரமாதம், லக்கன்லால் பிடிச்சுப்பான்.

— லக்கன்லாலுக்கு நாற்காலின்னு இப்பத்தானே சொன்னேன்?

— சரி, டெஸ்பாட்ச் பிரியதர்ஷினியோட ஆத்துக்காரர். வாட்டசாட்டமான மனுஷன், ஒத்தைக் கையால ஜமா மசூதியைப் பிடிச்சு நிறுத்துவார்.

— அவருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி மாசம்கூட ஆகலை. ரெண்டு பேரை நான் பார்த்து வெச்சுட்டேன். ஒருத்தர் ஜாயின்ட் செக்ரெட்டரி பாலசுப்ரமணியம்.

— என்ன! பாலு சாரா? அவர் வந்தா லிஃப்டே எழுந்து நிக்கும்! அவரைப் போய்க் கம்பம் பிடிக்கச் சொல்றதா? கேட்டா ஹார்ட் அட்டாக் வந்துடும்.

— நேத்திக்கே ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன். ஜ்யோத்ஸ்னாவோட காதையும் சொன்னேன். எந்தப் பக்கத்துக் கம்பம் ருக்மிணின்னு கேட்டார்.

— அச்சா? அடேயப்பா. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான். சரி, இன்னொரு கம்பத்துக்கு யாரு?

— ஐயா, மாமி உங்களைத்தானுங்க பாக்கறாங்க.

— ருக்கு! நானா? நான் சேர்ந்த வருஷத்துலேர்ந்து ஒரு க்ரூப் போட்டோலகூட இல்லாம இருந்ததில்லையே! பின்னாடி நின்னா நான் படத்துலயே விழமாட்டேனே!

— யார் சொன்னா? துணிக்குக் கீழ ஒரு சாண் தெரியும்னு அம்சவேணி சொன்னாளே. நல்ல செருப்பாப் பார்த்துப் போட்டுண்டு வாங்கோ.