ரெண்டு ஐபி வச்ச சர்வர்

பேச வராட்டி என்ன, கைய ஆட்டினாலே போதும்ணே, எனக்குப் புரியுது. அண்ணி மாத்திரை வாங்கப் போயிருக்காங்க, அவங்க வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன்.

காலைல டிக்கெட் கவுண்டர்ல ஒரு கம்ப்யூட்டர்கூட எந்திரிக்கல. அதுங்களுக்குத்தான் சொந்தமா டிஸ்க்கே கிடையாதே, எல்லாம் நீங்க கட்டின சர்வர்லேருந்துதானே ஃபைல் வாங்கி எந்திரிக்கணும்? கருப்புத் திரைல புள்ளி புள்ளியா ஓடுது, அப்புறம் செத்த மாதிரி நின்னுடுது. வெளிய ஜனம் கண்ணாடியப் போட்டுத் தட்டுது. நான் ஒயர மாத்தறேன், ஸ்விட்ச மாத்தறேன், சர்வர அணைச்சுப் போடறேன்... ம்ஹூம். இடுப்பு விட்டுப் போச்சுண்ணே.

என்ன, விரலால தட்டிக் காட்டறீங்க? பிங்கா? சர்வர் உசுரோட இருக்கான்னு கூப்பிட்டுப் பாத்தேனே. ஜோரா பதில் சொல்லுதே! அதானே வயித்தெரிச்சல்.

கடைசியா, லைன்ல யாரு கேக்கறா, யாரு பதில் சொல்றான்னு ஒண்ணொண்ணாப் பாத்தேன். பேக்கப் எடுக்க வந்த கம்பெனிக்காரங்க நேத்து சொல்லாம கொள்ளாம சர்வருக்கு இன்னொரு ஐபி குடுத்துட்டுப் போயிருக்காங்க, ஒரே வீட்டுக்கு ரெண்டு கதவு நம்பர் மாதிரி. கவுண்டர் மெஷின் பழைய ஐபியக் கேக்குது, பதில் புது ஐபிலேருந்து போகுது. நீ யாருடா, உன்னையா கேட்டேன்னு அது வாங்கிக்கவே மாட்டேங்குது.

சிரிக்கிறீங்க பாருங்க! நான் அழாத குறை. பழைய ஐபில மட்டும் பேசுன்னு சர்வர்ல ஒரு வரி எழுதினேன், அவ்வளவுதான். வரிசையா எல்லாம் எந்திரிச்சுது. நான் தரையில உக்காந்துட்டேன்.

அங்கதான் மேனேஜர் வந்து நின்னாரு. இல்லண்ணே, கோபமெல்லாம் இல்ல. உங்க இடத்துக்கு வேற ஆள் பாத்தாச்சாம், பாவம் இனிமே அவரு எங்க வரப் போறாருன்னு சாவகாசமா சொல்றாரு. எனக்கு எங்கேருந்து வந்துச்சோ... அண்ணன்தான் சார் போன்ல சொல்லிக் குடுத்தாரு, ரெண்டாவது ஐபியப் பாருன்னாருன்னு சொல்லிட்டேன். அப்படியா, பேச்சு வந்துடுச்சான்னாரு. நல்லாவே வந்துடுச்சு சார்னேன்.

அண்ணிகிட்ட இன்னும் சொல்லல. முறைக்காதீங்கண்ணே. சாயங்காலம் மேனேஜர் உங்களப் பாக்க வர்றாராம். எங்க, மெதுவா, ஐபின்னு சொல்லுங்க பாப்போம். ஐ...